இடப்பக்கமாகச் சுற்றிய நாய்

அந்த நாயை நான் உயிரோடு பார்த்தது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். மூன்று நாள் கழித்து அதன் தலையோடு ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டாவதை மட்டும் எழுதினால் நான் கெட்டிக்கார டாக்டர் என்று தோன்றிவிடும்.

கோவில்பட்டியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது நான் வேலை பார்க்கும் கால்நடை மருந்தகம். ஓர் அறை, ஒரு மருந்து அலமாரி, முன்னால் தகரம் போட்ட கொட்டகை. டாக்டர் நான் ஒருத்தி. உதவியாளர் ஒருவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேடம் என்பார். எங்களிடம் வருவது பெரும்பாலும் ஆடுகள். நாய் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. உளுந்தும் மக்காச்சோளமும் முளைத்து ஒரு சாண் உயரம் வந்திருந்த நேரம். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடுகளோடு நின்றார்கள். அப்போது ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பக்கத்து ஊர்க்காரி. புதியம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மடியில் ஒரு செவலை நாய். நெஞ்சு மட்டும் வெள்ளை. கழுத்தில் கயிற்றுக்குப் பதிலாகப் பூப்போட்ட நைட்டித் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

நாயை இறக்கிவிட்டதும் அது நேராக நடக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. சுவரில் முட்டி நின்றது. வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது.

"நேத்துலருந்து இப்படித்தான் சுத்துதும்மா. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது" என்றாள்.

நான் இரண்டு கை தூரத்தில் நின்றேன். எச்சில் வடிகிற, தடுமாறுகிற நாயின் பக்கத்தில் போகக்கூடாது என்பது படிக்கும்போதே எங்களுக்குள் ஊறிப்போன பாடம்.

"தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"குட்டியில ஒரு தடவ போட்டது. நாலு வருசம் ஆச்சு."

"யாரையும் கடிச்சுச்சா?"

"இல்லம்மா."

"தலையில அடி ஏதும் பட்டுச்சா? வண்டி கிண்டி?"

"இல்ல" என்றாள். கேட்ட உடனே சொன்னாள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

தகரத்தில் மழை சடசடவென்று விழுந்துகொண்டிருந்ததால் நான் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. "வெறிநோயா இருக்கலாம். இருக்குன்னு நெனச்சுத்தான் நடந்துக்கணும். தனியாக் கட்டிப் போடுங்க, யாரும் பக்கத்துல போக வேண்டாம். பத்து நாள் பாப்போம். வெறியா இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சுரும்."

சொன்ன விஷயம் சரியானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் வெறி என்ற சொல் காதில் விழுந்ததும் கொட்டகையில் நின்றவர்கள் ஆட்டுக் கயிறுகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கியதைப் பார்த்தேன். அவர்களில் இரண்டு பேர் அவளுடைய ஊர்க்காரர்கள். அதை அப்போது நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவும் தோன்றவில்லை. ஒரு நோயின் பெயர் மனதில் வந்து உட்கார்ந்துவிட்டால் வேறொன்றுக்கு அங்கே இடம் இருப்பதில்லை. அவள் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பிப் போனாள். அடுத்த ஆட்டைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன் பண்ணினார். ஒரு நாயைப் போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும், புகார் வந்திருக்கிறது என்றார். எந்த நாய் என்று கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். விடிந்த கொஞ்ச நேரத்தில் நாய் துணிக்கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரி, அந்த நாய்க்குத் தினமும் மீன்முள் போடுகிறவள், அதைப் பிடித்து வீட்டுக்குள் விடலாமென்று போயிருக்கிறாள். கையில் கடித்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் அவளுடைய மகனும் தெருவில் நின்ற இன்னும் மூன்று பேரும் கம்போடு ஓடிவந்தார்கள். நாய் அங்கேயே செத்துப்போனது. நைட்டி தைக்கிறவள் ஸ்டேஷனுக்குப் போய், நான்கு பேர் தன் நாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதிக்கொடுத்தாள். வெறிநாயை அடிக்காமல் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டார்கள். "என் நாய்க்கு வெறியில்ல. டாக்டரம்மா அறுத்துப் பாத்துச் சொல்லட்டும்" என்றாளாம் இவள்.

உர மூட்டைச் சாக்கில் கட்டி, ஒரு மினி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மருந்தகத்துக்குப் பின்னால், வேலிக்கருவை மரங்களின் மறைவில், சிமெண்ட் மேடை ஒன்று உண்டு. அங்கேதான் இந்த வேலையைச் செய்வோம். அண்ணாச்சியும் நானும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்பே முறையாகப் போட்டுக்கொண்டவர்கள். ஆனாலும் இரண்டு கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, முழங்கால் வரை பூட்ஸ். வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் மூளையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சாவுக்குக் காரணமும் எழுத வேண்டும். ஆகவே தலையை மிகவும் கவனமாகத் திறக்க வேண்டியிருந்தது.

முதலில் தலை மயிரை முழுக்க மழித்தோம். நெற்றியிலும் வலது கண்ணுக்கு மேலும் மூக்குத்தண்டிலும் நீளநீளமான அடிகள். கம்பு பட்ட தடம். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். இடது காதுக்குப் பின்னால் ரேசரை இழுத்தபோது அண்ணாச்சியின் கை நின்றது.

"மேடம், இங்கன பாருங்க. பொருக்குத் தட்டிப்போயிருக்கு."

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு காய்ந்த புண். அடர்ந்த மயிருக்கு அடியில் இருந்ததால் வெளியே தெரிந்திருக்காது. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தோலை உரித்து விலக்கினேன். அடிபட்ட இடத்து ரத்தத்துக்கு வயது உண்டு. நம் முழங்காலில் கல் இடித்தால் முதலில் சிவந்து, பிறகு கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைகிறதே, அதேதான். நெற்றியிலும் மூக்கிலும் இருந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. அடிபட்டதும் உயிர் போனதால் அங்கே உடம்பு எந்த வேலையும் செய்ய ஆரம்பிக்கவில்லை. இடது காதுக்குப் பின்னால் இருந்ததோ துருப்பிடித்த தகரத்தின் நிறம். ஓரத்தில் மஞ்சள். அடியில் எலும்பு முக்கோணமாக உள்ளே அழுந்தியிருந்தது. புதிதாக உடைந்த எலும்பின் விளிம்பு கண்ணாடிச் சில்லுபோல் விரலைக் கீறும். இதன் விளிம்பு மழுங்கியிருந்தது. உடம்பு அதைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தது.

"இது இன்னிக்கு நேத்து உள்ளது இல்லயே" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி."

ஈரத்துணியைப் போட்டுத் தூசி பறக்காமல் கைரம்பத்தால் மண்டையோட்டை வட்டமாக அறுத்தோம். நாயின் மண்டையோடு சின்னதுதான், ஆனாலும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அண்ணாச்சி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூடியைத் தூக்கியபோது மற்ற இடங்களில் எளிதாக விட்டுக்கொடுத்த மூளையுறை, அந்த முக்கோணத்துக்குக் கீழே மட்டும் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் பழைய ரத்தம் கெட்டித்துப் பழுப்பாகப் படர்ந்திருந்தது. அதற்கும் அடியில் மூளை நெல்லிக்காய் அளவுக்குக் குழைந்து, மஞ்சளித்து, சீழ் கோத்திருந்தது.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். பெருமூளையில் ஒரு பக்கம் பழுதானால் விலங்கு அந்தப் பக்கமாகவே சுற்றும். அதற்கு எதிர்ப்பக்கத்துக் கண், கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமலே, பார்க்காமல் போகும். திங்கட்கிழமை என் கொட்டகையில் அது சுற்றியதும் சுவரில் முட்டியதும் எச்சில் வடித்ததும் எதனால் என்பது என் கைக்குக் கீழே திறந்து கிடந்தது. இரண்டாம் வருடத்திலேயே படித்த விஷயம்.

மூளையில் ஒரு பங்கை ஐஸ் பெட்டியிலும் இன்னொரு பங்கைப் பார்மலின் பாட்டிலிலும் வைத்தோம். அந்த முக்கோண எலும்பை மண்டையோட்டின் மிச்சத்தோடு தனியாகக் கட்டினேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மதியம் திருநெல்வேலி பஸ் ஏறினார். தலையில்லாத உடலை நாய்க்காரியிடம் ஒப்படைத்தோம். சாக்கோடு வாங்கிக்கொண்டாள். என்ன இருந்தது என்று கேட்கவில்லை. நானும் சோதனை முடிவு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் ஏட்டு வந்தபோது, தெருவில் யாரோ எடுத்த வீடியோவைத் தன் போனில் காட்டினார். நாற்பது வினாடி. அடிகளை எண்ணுவதற்காக அதை மூன்று முறை பார்க்க வேண்டியிருந்தது. மூன்று முறையும் நான் பார்த்தது வேறு. கம்பு முதுகில் விழுந்த பிறகும் நாய் ஓடவில்லை. இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிப்போக அதனிடம் நேர்வழி என்று ஒன்று இல்லை.

"வெறிதான மேடம்? இல்லன்னா ஓடியிருக்கும்ல" என்றார் ஏட்டு.

"முடிவு வரட்டும் ஏட்டையா" என்றேன்.

சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. வெறிநோய் இல்லை.

கடிபட்ட பெண் அதற்குள்ளாகவே மருந்தகத்து வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு. பின்னால் சற்றுத் தள்ளி அவளுடைய மகன், இருபத்தைந்து வயதிருக்கும், லோடு வண்டி ஓட்டுகிறவன், பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றான். முடிவைச் சொன்னதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வியாழக்கிழமையிலிருந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறதா அடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

"போட வேண்டிய ஊசிய டாக்டர் சொல்ற வரைக்கும் விடாமப் போட்டுருங்க. பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, நாய் எப்படிக் கடித்தது என்று கேட்டேன்.

"நான் பொறத்தால போயி இடக்கையால கழுத்துத் துணியப் பிடிச்சேம்மா." கட்டுப்போட்ட வலது கையை நீட்டிக் காட்டினாள். "அதுக்கு வலப்பக்கம். தடவிக்கொடுக்கலாம்னு இந்தக் கையக் கொண்டு போனேன். கை பட்டதும் திடுக்குன்னு திரும்பிக் கவ்விருச்சு. உடனே விட்டுருச்சு. விட்டுட்டு என்னைய மோந்து பாத்துச்சும்மா. அதுக்குள்ள இவன் வந்துட்டான்."

வலப்பக்கம். அந்தக் கண்ணுக்கு அந்தக் கை தெரிந்திருக்காது. இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கடைசியில் சொன்னேன். "அதுக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாம இருந்துருக்கு. நீங்கன்னு அதுக்குத் தெரியல."

மகன் பைக்கை விட்டு நிமிர்ந்து அருகில் வந்தான். குரலை உயர்த்தவில்லை. "நீங்கதான மேடம் வெறின்னு சொன்னீங்க. திங்கக்கெழமயே எங்க தெருப்பூராத் தெரியும். பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பாமப் பூட்டி வச்சிருந்தாக. அம்மாவக் கடிச்சதப் பாத்ததும் எனக்கு வேற என்ன தோணும்?"

"இருக்கலாம்னு சொன்னேன்" என்றேன். சொன்ன உடனே அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. "அத்தன பேர் முன்னால சொல்லியிருக்கக்கூடாது. தப்புத்தான்."

அவன் அம்மாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்று மதியம் அறிக்கை எழுதினேன். சாவுக்குக் காரணம், தலையில் பலமுறை விழுந்த புதிய அடிகள். இது தவிர, இடப்பக்கம் பின்மண்டையில் ஏழு முதல் பத்து நாள் பழைய அழுந்திய எலும்பு முறிவு, முக்கோண வடிவம், சீழ் கோத்த மூளை. நாயின் தடுமாற்றத்துக்கும் கடித்ததற்கும் அந்தப் பழைய காயமே காரணமாக இருக்கலாம். வெறிநோய் இல்லை. இதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: இந்த நாய் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு என்னிடம் கொண்டுவரப்பட்டது; தலையைத் தொட்டுச் சோதிக்கவில்லை.

டைப் பண்ணிக்கொண்டிருந்த அண்ணாச்சி அந்த வரியில் நிறுத்தினார். "இது எதுக்கு மேடம்? யாரும் கேக்கலியே."

"ஓபி நோட்டுல இருக்குல்ல அண்ணாச்சி. நாளைக்கு யாராவது பாத்துக் கேக்கறதவிட நானே எழுதிருதேன்."

அவர் டைப் பண்ணினார்.

திங்கட்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் போனில் பேசினார். சின்ன வயதுக்காரர், அறிக்கையை உண்மையிலேயே படித்திருந்தார். "அப்ப ஒரு வாரத்துக்கு முந்தியே ஒரு தடவ அடிச்சிருக்கானுக. அந்த லோடு வண்டிக்காரனாத்தான் இருக்கும். முன்பகைன்னு வச்சு விசாரிக்கேன்."

"யார் அடிச்சாங்கன்னு எலும்பு சொல்லாது சார். எப்பன்னுதான் சொல்லும்."

"அது எங்க வேலை மேடம்" என்றார். அதுவும் சரிதான்.

மறுநாள் மதியம், ஆடுகளெல்லாம் போய்க் கொட்டகை காலியாக இருந்தபோது, நாய்க்காரி வந்தாள். நடந்தே வந்திருக்கிறாள். செருப்பில் கரிசல் மண் அடைஅடையாக ஒட்டியிருந்தது. அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பழைய காயம்னு எழுதியிருக்கீங்களாமே. எத்தன நாளுன்னு போட்டிருக்கீங்க?"

"ஏழுலருந்து பத்து நாளுக்குள்ள."

அவள் விரல்களை மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள். நின்ற விரலைப் பார்த்துக்கொண்டே "செவ்வாக்கெழம" என்றாள். "எப்படிப்பட்டதுன்னும் தெரியுமா?"

"முக்கோணமா அழுந்தியிருக்கு. எதுன்னு எனக்குத் தெரியல."

"இஸ்திரிப் பெட்டிம்மா."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நல்ல மழை. மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வெட்டுத்துணி, எல்லாம் வெளிர் நிறம், அறை முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். தைத்து முடித்தவற்றை மடிப்பு எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாய் தோட்டத்திலிருந்து நனைந்து ஓடிவந்து, வழக்கம்போல அவள் பக்கத்தில் படுக்கிறேன் என்று துணி அடுக்கின்மேல் ஏறிவிட்டது. நாலு காலிலும் கரிசல் சேறு. அது துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.

"கையில பெட்டி இருந்துச்சு. கரண்டு போயி அது ஆறியிருந்துச்சு. சனியனேன்னு ஒரு வீசு. எறியலம்மா, கையில பிடிச்சபடிதான். முனை பட்டுருச்சு. அது கத்தக்கூட இல்ல. அப்படியே உக்காந்து என்னையப் பாத்துச்சு. பொறவு எந்திரிச்சுப் போயி வாசல்ல படுத்துக்கிடுச்சு. ராத்திரி கஞ்சி குடிச்சுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. நாலஞ்சு நாளு நல்லாத்தான இருந்துச்சு?"

என்னிடம் கேட்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்படித்தான் இருக்கும்" என்றேன். "சீழு கோக்க நாளாகும்."

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்க. அடி பட்டுச்சான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். இத்தன சனத்துக்கு முன்னால எப்படிச் சொல்ல? வளத்த நாயத் தானே மண்டையில அடிச்சான்னு சொல்லமாட்டாகளா?" மூச்சு வாங்கினாள். "சொல்லியிருந்தா பொழச்சிருக்குமா?"

பொய் சொல்வது எளிதாக இருந்தது. இரண்டு விதமான பொய்யும் எளிதாக இருந்தது.

"தெரியல. திருநெல்வேலிக்கு அனுப்பியிருப்பேன். எலும்பத் தூக்கிச் சீழ எடுக்கப் பாத்திருப்பாங்க. பொழச்சிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஆனா ஒண்ணு. நீங்க சொல்லாட்டியும் நான் தலையத் தொட்டுப் பாத்திருக்கணும். நாலு வயசு நாய், திடீர்னு ஒரே பக்கமாச் சுத்துதுன்னா தலையப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். பயந்து தள்ளி நின்னுட்டேன்."

அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "இப்ப அந்தப் பையனத்தான் கேக்காக, முன்னாலயும் நீதான அடிச்சேன்னு. ஏட்டு ரெண்டு தடவ வீட்டுக்கு வந்துட்டாரு. அவன் அம்மா எங்கூடப் பேசி ஆறு நாளாச்சு. நான் சும்மா இருந்தா அதுவும் அவன் தலையிலதான் விழும், இல்ல?"

"விழலாம்" என்றேன். "நீங்க சொன்னத நான் அறிக்கையில எழுத முடியாது. எலும்புல பாத்தத மட்டுந்தான் எழுதணும். ஆனா கூப்பிட்டு விசாரிச்சா மறைக்கவும் மாட்டேன்."

தலையை ஆட்டினாள். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அறிக்கையை விளக்குவதற்காக ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நான் போனபோது எல்லோரும் இருந்தார்கள்: சப்-இன்ஸ்பெக்டர், ஏட்டு, கடிபட்ட பெண், அவள் மகன், கம்போடு வந்த மற்ற மூன்று பேர். நாய்க்காரி கடைசியாக வந்தாள். சாம்பல் நிறச் சேலை. கழுத்தில் ஜெபமாலை. சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பி, "அந்தப் பழைய காயம் பத்திச் சொல்லுங்க மேடம்" என்று ஆரம்பித்தார்.

"அவிய சொல்ல வேண்டாம் சார். அது நான் அடிச்சது" என்றாள் அவள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடக் குறைவாக, ஆனால் எதையும் விடாமல். இஸ்திரிப் பெட்டி, சேறு, நான் கேட்டபோது இல்லை என்றது. ஏட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார்.

அடுத்த வீட்டுக்காரிதான் முதலில் பேசினாள். "ஏட்டி, என்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா. நான் பக்கத்துல போயிருக்க மாட்டேன்லா."

"சொல்லியிருக்கணும்" என்றாள் இவள்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் நான்கு பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அந்தப் பையன் படியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குத் தெரியாது சித்தி. வெறின்னு நெனச்சுத்தான்" என்றான். முகத்தைத் தூக்கவில்லை.

நாய்க்காரி அவன் முன்னால் நின்றாள். "நீ அடிச்சது அடிச்சதுதான்டா. அத இல்லன்னு நான் சொல்லமாட்டேன். நான் அடிச்சதும் அப்படித்தான்." அவ்வளவுதான். அவன் தோளைத் தொடவில்லை, திட்டவும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நானும் அவளும் மட்டும் நின்றோம். கோவில்பட்டி பஸ் வரக் கால்மணி நேரம் இருந்தது. அவள் கேட்டாள்: "உடம்பத் தோட்டத்துல புதைச்சிட்டேன். தலை எப்பம்மா தருவீங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. மாட்டுக்காரர்கள் கேட்டதில்லை, ஆட்டுக்காரர்கள் கேட்டதில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போனது திரும்பி வராது, சோதனை முடிந்ததும் அங்கேயே எரித்துவிடுவார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் அரசாங்கக் கடிதம்போல இருந்தது.

"அப்ப சரி" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு நான் பேரு சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு காதும் நிக்கும்" என்றாள். பேரையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நுண்ணோக்கியில் பார்த்த அறிக்கை மூன்று வாரம் கழித்து வந்தது. நாள் கணக்கு சரியாகவே இருந்தது. ஆய்வுக்கூடத்து டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, அந்தத் திங்கட்கிழமையே நாயைத் திருநெல்வேலிக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அவர் ஸ்லைடை மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீழ் மூளையோட உள்ளறை வரைக்கும் போயிருக்கு. திங்கட்கிழமைன்னா ரொம்பக் கஷ்டம்தான். முதல் ரெண்டு மூணு நாள்னா யோசிக்கலாம்."

இதை அவளிடம் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் பங்கைக் குறைத்து அவள் பங்கைக் கூட்டுகிற செய்தி இது. அந்த முதல் இரண்டு மூன்று நாளில் நாயைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். சொல்லாமல் விட்டால், எனக்குச் சாதகமான ஒன்றை மறைத்த நல்லவளாக இருந்துவிடலாம். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை; இப்போது கொஞ்சம் இருக்கிறது. மூன்றாம் நாள் மதியம் அவள் ஊருக்குப் போனேன்.

மிஷின் சத்தம் தெருவிலேயே கேட்டது. என்னைப் பார்த்ததும் பெடலிலிருந்து காலை எடுத்தாள். வாசலில் நின்றபடியே டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், முதல் இரண்டு மூன்று நாளையும் சேர்த்து. அவள் ஊசியில் மாட்டிக்கிடந்த துணியின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த நாள்லயெல்லாம் அது என் காலடியிலதான் கெடந்துச்சு" என்றாள். பிறகு, "வந்து சொன்னீங்களே, உக்காருங்கம்மா" என்று துணிக்கட்டை நகர்த்தி இடம் பண்ணினாள்.

உட்கார்ந்தேன். காப்பி போட உள்ளே போனாள். அடுத்த வீட்டிலிருந்து கடிபட்ட பெண்ணின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"ஏட்டி, வெள்ள நூலு கெடக்கா?"

உள்ளே அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் வந்தது.

"கெடக்கு. வந்து எடுத்துக்கோ" என்றாள்.